கயிறு கட்டி அறுத்த வயலு

…அட நீ வேற செல்வி, பொட்டி தூக்குறான்னு பேச்சுக்குச் சொல்லலடி, எங்கண்ணால பாத்தேன். கண்டனூர்ல அந்தப் பெரிய வீட்ட ஓட்டலா மாத்திப்புட்டாகள்ல, அங்க ஒரு கல்யாணத்துக்கு எலை எடுக்கப் போயிருந்தேன். வாசல்ல காரு வந்து நிக்கிது, வெள்ளைக்காரக எறங்குறாக, ஓடியாந்து பொட்டியத் தூக்குறான் ஒருத்தன். யாருன்னு பாத்தா நம்ம சமையக்கார சோமு மகன்! எம்மெஸ்ஸி மேத்ஸு. அதுக்கு மேல பி.எட்டும் முடிச்சவன். என்னையப் பாத்ததும் மொகத்தத் திருப்பிக்கிட்டான். நானும் கண்ணு தெரியாத கெழவியாட்டம் அங்குட்டுத் திரும்பிக்கிட்டேன். பெறகு அவனே கைகழுவுற எடத்துக்கு வந்து, "டீச்சர் பரீட்சை வைக்கிற வரைக்குந்தான் அப்பத்தா"ங்கிறான். "அதுக்கென்னய்யா, இங்கிலீசு நல்லாப் பேசுறியே"ன்னேன். வேற என்னத்தச் சொல்ல?

என்னது, அதுக்குத்தான் நீயும் வந்தியா? உம்மக கவிதாவுக்கு ரெண்டு எடமும் கெடைச்சிருச்சா! அடி சக்கை. மேத்ஸுன்னா இங்கனயே காரைக்குடியில. இன்னொண்ணு மெட்ராசுல, ஸ்டேடிஸ்டிக்ஸு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எதுன்னு சொல்லிச் சேரணும். ஏத்தா, அதக் கேக்க எங்கிட்டயா வருவ? கையெழுத்துக்குக் கட்டவெரல உருட்டுற கெழவிகிட்ட வந்து எம்மெஸ்ஸிக்கு யோசனை கேக்குறாளாம்! இரு இரு, சிரிச்சுக்கிறேன். எம்மருமக வரட்டும், அவகிட்டச் சொல்லணும். உப்புப் போட்டியா, புளி போட்டியான்னு மட்டுந்தான் எங்கிட்டக் கேப்பா அவ.

உக்காரு. மெதுவாப் பேசு, உள்ள எங்கண்ணன் படுத்திருக்காரு. நேத்து உன் வாசல் வரைக்கும் தண்ணி ஓடுச்சுன்னு மொறைச்சியே, அதையும் சொல்லுறேன், எல்லாம் ஒரே கதைதான்.

ஸ்டேடிஸ்டிக்ஸுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். புள்ளியியலு. எங்க, நீ ஒருக்காச் சொல்லு பாப்பம். பாத்தியா, நாக்குப் பெரளுது. நான் பல்லு போன வாயால சொல்லுவேன். அந்த ஆபீசுக்குத்தாண்டி நான் வேலை பாத்தேன்.

வயக்காட்டு வேலைதான். ஆனா கூலி குடுத்தது கவர்மென்ட்டு. ஏக்கருக்கு எம்புட்டு நெல்லு வெளைஞ்சதுன்னு கவர்மென்ட்டுக்குத் தெரியணும்ல? அம்புட்டு வயலையும் நிறுக்க முடியுமா? அதனால ஊருக்கு ரெண்டு வயலக் குறிப்பாக. அந்த வயல்லயும் ஒரு கூடம் அளவுக்குச் சதுரமா கயிறு கட்டி, அத மட்டும் அறுத்து, அடிச்சு, தூத்தி, நிறுத்து எழுதிக்கிருவாக. அத வச்சு ஊரு வெளைச்சலச் சொல்லிருவாக. அறுக்குறதுக்கும் தூத்துறதுக்கும் ஆளு வேணும். எங்க ஊரு சாக்கோட்டைக்கு அங்குட்டு, உனக்குத் தெரியும்ல. கைக்கொழந்தையோட தனியா நின்னேன், அண்ணன்தான் சோறு போட்டாரு. தலையாரி வந்து "கவர்மென்ட்டு அறுப்புக்கு வாரியா"ன்னாரு. போனேன். முழங்காலு மடங்காமப் போற வரைக்கும் தையி மாசி வந்தா அதான் எனக்கு உத்தியோகம். எங்க ஊரு மட்டுமில்ல, திருப்பத்தூரு பக்கம் வரைக்கும் பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போவாக. இப்பச் செல்லுல போட்டோ புடிச்சு அங்கனயிருந்தே அனுப்பிருறாகளாம். வானத்துல மிசினு பறந்து படம் புடிக்குதாம்.

எங்களுக்கு மேல ஆபீசரய்யா ஒருத்தரு இருந்தாக. புள்ளியியல் ஆய்வாளரு. சனங்க வாயில அது நொழையாம இன்ஸ்பெக்டரய்யான்னே ஆயிப்போச்சு. தலையாரி ஒருநா "இன்ஸ்பெக்டரு வாராரு"ன்னு கத்திக்கிட்டே முன்னால போக, பனங்காட்டுல கள்ளு எறக்குனவன் போலீசுன்னு நெனச்சுப் பாதி மரத்துல இருந்து குதிச்சுப்புட்டான். இடுப்பப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கான். அய்யா போயி அவன் பக்கத்துல குத்தவச்சு, "நான் நெல்லு நிறுக்க வந்தவன்ப்பா"ன்னாக. நாங்க சிரிச்சு மாளல. அவுக சிரிக்கல. அவுக சிரிச்சே நான் பாத்ததில்ல.

வெள்ளைச் சட்டை. வரப்புல செருப்பக் கழட்டிட்டுத்தான் வயலுக்குள்ள எறங்குவாக. யாரு வயல அறுக்குறமோ அவுக வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டாக. எளநி வெட்டி நீட்டிக்கிட்டே நிப்பாக வயக்காரச் சம்சாரிக, "வச்சிருங்கய்யா, கொழந்தைகளுக்குக் குடுங்க"ன்னு சொல்லிட்டு, பையில இருந்து தன் தண்ணியக் குடிப்பாக. என்னைய "முத்தாயம்மா"ன்னு கூப்புடுவாக. எம் புருசன்கூட என்னைய "ஏய்"னுதான் கூப்புட்டது.

அறுக்குற எடத்த நம்மளாப் பாத்து எடுக்கக் கூடாது. அங்கதான் இருக்கு சூட்சுமம். வயலோட தென்மேக்கு மூலையில, கன்னிமூலையில நிப்பாக. சம்சாரிக்கெல்லாம் அதுல பெரிய சந்தோசம், அய்யா சாஸ்திரம் பாக்குறாகன்னு. அது சாஸ்திரமில்ல, ஆபீசுல அப்படித்தான் சொல்லியிருக்கு. ஒரு தாளு வச்சிருப்பாக, ஒண்ணுக்கொண்ணு சொந்தமில்லாத நம்பரா அச்சடிச்சிருக்கும். அதப் பாத்து நீளத்துல இத்தன எட்டு, அகலத்துல இத்தன எட்டுன்னு நடந்து, நின்ன எடத்துல முளைக்குச்சி அடிப்பாக. அங்க கருது நல்லாருந்தாலும் சரி, மொட்டையா இருந்தாலும் சரி. ஒருநா எலி தின்ன எடத்துல போயி முளை விழுந்துச்சு. அந்தப் பொம்பளை வெக்கத்துல, "அய்யா, அந்தா அங்குட்டு நல்லாருக்கு"ன்னா. அய்யா சொன்னாக, "இதுவும் உங்க வயல்தானம்மா."

பெறகு கயிறக் கட்டணும். நாலு பக்கமும் சரியா இருந்தா மட்டும் பத்தாது, மூலைக்கு மூலை இழுத்துப் பாக்கணும். ஒரு வெரக்கடை கூடக்கொறைய இருந்தா அம்புட்டையும் புடுங்கு, மறுபடி கட்டு. கயிறு மேல ஒரு தூரு நின்னுச்சுன்னா வேரு எங்குட்டு இருக்குன்னு மண்ணத் தள்ளிப் பாக்கணும். உள்ள இருந்தா அறு, வெளிய இருந்தா விட்டுரு. அறுத்தத தார்ப்பாய்ல அடிச்சு, சொளகுல பொடச்சு, தராசுல மாட்டணும். ஒரு கிலோவத் துணிப்பையில கட்டிக்கிட்டுப் போயி, காயவச்சு மறுபடியும் நிறுப்பாக, ஈரத்துக்குக் கணக்கு. நான் பொடச்சு முடிச்சா, சிந்துன மணியப் பொறுக்க அய்யாவும் குனிஞ்சுருவாக. ஆபீசரு நெல்லுப் பொறுக்குறத ஊரே வந்து நின்னு பாக்கும்.

இரு, படிப்புக்கு வாரேன். நீ கடியாரத்தப் பாக்காத.

திருப்பத்தூர்ல பஸ்ஸுக்கு நிக்கையில டீ வாங்கிக் குடுப்பாக. அப்ப ஒருநா அவுகளாச் சொன்னதுதான். இப்ப உம்மக நிக்கிற எடத்துலதான் அவுகளும் நின்னிருக்காக. ரெண்டு சீட்டு. அவுகப்பா சொல்லிட்டாராம், கணக்கு எடுத்தா எப்படியும் வாத்தியாரு, மத்தது என்னன்னே நமக்குத் தெரியாதுன்னு. அதே மேத்ஸு. அதே பி.எட்டு. வாத்தியாரு வேலை வருது வருதுன்னு டியூசன் எடுத்தே பாதி முடி போச்சாம். கடைசியில இந்த ஆபீசுக்குப் பரீட்சை வந்திருக்கு, மேத்ஸு படிச்சவுகளும் எழுதலாம்னு போட்டிருக்கான், எழுதிட்டு உள்ள வந்துட்டாக. "அப்பச் சேராம விட்ட படிப்போட வேலைக்கே வந்து சேந்தேன் முத்தாயம்மா, அந்தப் படிப்பு இல்லாம"ன்னாக.

கூடப் படிச்சவுகள்லாம் எப்படியிருக்காகன்னு கேட்டேன், நாந்தான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேனே. அந்தப் புள்ளியியலு எடுத்த ஒருத்தரு பெங்களூர்ல மருந்துக் கம்பெனியில இருக்காராம், காரு வச்சிருக்காராம். இன்னொருத்தரு அதே படிப்புப் படிச்சுட்டு, காலேஜு வாத்தியாராகலாம்னா நம்ம பக்கத்துக் காலேஜுகள்ல அந்தப் பாடமே இல்லாம, பேங்குக்குப் பரீட்சை எழுதி எழுதி வயசு போயிருச்சாம். மேத்ஸு எடுத்தவுகள்ல வாத்தியாரானவுக நெறைய, ஆகாம நிக்கிறவுக அதவிட நெறைய. ஆக, இதுதான் நல்லதுன்னு அவுகளாலயும் சொல்ல முடியல. நீ எங்கிட்டக் கேக்குற.

சரி, எங்கண்ணன் கதைக்கு வாரேன். அதச் சொல்லித்தான உம்மகள மெரட்டச் சொல்லுற? அந்தப் படிப்பு ஒரு மனுசன என்ன பண்ணுச்சுன்னு அவளுக்குக் காட்டணுங்கிற. அவர நீயே தெனம் பாக்குற. ஆனா நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும்.

அந்த வருசம் மழை ஏச்சுப்புருச்சு. கம்மாயி வத்தி, வெடிச்சு, ஆடு மேயுது. கருது வார நேரத்துல தண்ணி இல்ல. ஊரு வயலு பூராச் சாவி. சாவின்னா தெரியும்ல, கருது நிமிந்து நிக்கும், உருவிப் பாத்தா வெறும் உமி. பாலே புடிக்கல. மடைக்குக் கீழ நாலஞ்சு வயலுதான் கடைசித் தண்ணியில தப்புச்சு. அந்த வருசந்தான் எங்கூருல மொத மொத பயிருக்கு இன்சூரன்ஸு புடிச்சிருந்தாக. வெளையலன்னா பணம் வரும்னு தெரியும். வெளையலங்கிறத எப்படிக் கண்டுபுடிப்பாகன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இந்த நிறுவையத்தான் பாப்பாகன்னு எனக்கும் தெரியாது. நான் பாட்டுக்கு வருசா வருசம் பொடச்சுக்கிட்டிருந்தவதான.

ரெண்டு வயலக் குறிச்சாக. ஒண்ணு அந்தத் தப்புச்ச மடையடி வயல்ல ஒண்ணு. இன்னொண்ணு எங்கண்ணனோடது. அய்யாவே வந்து, "கருப்பையா, நாங்க வார வரைக்கும் இந்த வயல அறுத்துராதீக"ன்னு எங்க பேச்சுலயே சொல்லிட்டுப் போனாக. எதுக்குன்னு சொல்லல. அண்ணனும் கேக்கல.

எங்கண்ணன் எப்படிப்பட்ட ஆளு தெரியுமா? வீட்டுல கஞ்சி குடிச்சாலும், வந்த ஆளுக்கு நெல்லுச்சோறு போட்டாத்தான் மனசு ஆறும். அவருக்கு ஒரு கெணறு இருந்துச்சு, அடியில கொஞ்சம் தண்ணி, மாட்டுக்குன்னு வச்சிருந்தாரு. மனுசன் என்ன பண்ணாரு? மண்ணெண்ணெ இஞ்சின வாடகைக்குக் கொண்டாந்து வச்சு, அம்புட்டுத் தண்ணியையும் அந்தக் குறிச்ச வயலுக்கே பாய்ச்சிட்டாரு. தன்னோட மத்த வயலக் காயவிட்டுட்டாரு. மாட்ட எங்கயோ கொண்டுபோயித் தண்ணி காட்டுனாரு. மதினி சத்தம் போட்டதுக்கு, "கவர்மென்ட்டு நம்ம வயல்ல வந்து அறுக்குது, சாவியவா அறுக்கக் குடுப்பேன்? வீட்டுக்கு வாரவுகளுக்கு வெறுந்தட்ட வைக்கிற மாதிரி"ன்னாரு. எனக்குத் தெரியாதுடி. நான் அப்பத் திருப்பத்தூரு பக்கம் அறுப்புல தங்கியிருந்தேன்.

அறுப்பன்னைக்குத் தார்ப்பாயச் சுமந்துக்கிட்டு அய்யா பின்னாலயே வாரேன். கண்ணுக்கெட்டுன மட்டும் வெள்ள வெளேர்னு காஞ்ச வயலு. நடுவுல ஒரே ஒரு வயலு மட்டும் மஞ்சப்பூத்து, தலை சாஞ்சு நிக்கிது. வரப்பச் செதுக்கி, மொழுகுன மாதிரி வச்சிருக்காரு. வெள்ள வேட்டி, தோள்ல துண்டு, எங்கண்ணன் மாப்பிள்ளையாட்டம் நிக்கிறாரு.

அய்யா நின்னுட்டாக. செருப்பக் கழட்டிட்டுக் குனிஞ்சு ஒரு புடி மண்ண எடுத்தாக. கையில ஒட்டுது.

"கருப்பையா உங்களுக்கு என்ன வேணும்மா?"

"எங்கண்ணன்ய்யா."

தாளப் பாத்தாக, நடந்தாக, முளைய அடிச்சாக. நான் கயிறக் கட்டுனேன், மூலைக்கு மூலை இழுத்துப் பாத்தேன். நாந்தாண்டி அறுத்தேன். நாந்தான் பொடச்சேன். பதரே வரல, அம்புட்டும் மணி. தராசுல மாட்டுனதும் முள்ளு கீழ எறங்குது, எறங்குது, எறங்கிக்கிட்டே இருக்கு. எங்கண்ணனுக்கு மொகமெல்லாம் பல்லு. "எப்படிங்கய்யா, வெயிட்டு நிக்குதா?"ங்கிறாரு.

வரப்புல ஊரே நின்னுச்சு. கடன் வாங்குன பேங்குல எவனோ வெவரம் சொல்லியிருந்திருக்கான் போல, எங்கூரு மணியாரரு மகன் அங்கனயே தலையில கைய வச்சு உக்காந்துட்டான். "போச்சுடா, இத வச்சுத்தான்டா நமக்கு இன்சூரன்ஸு"ன்னான். அப்பத்தான் ஒவ்வொருத்தனுக்கா வெளங்குது. ஓடியாந்து அய்யா கால்ல விழுகுறாக. "இந்த வயலு மட்டுந்தான்யா இப்படி, அந்தா பாருங்க, எல்லாம் சாவி. பக்கத்து வயல அறுங்கய்யா, அதுவும் இதே கருப்பையா வயலுதான்"ங்கிறாக.

அய்யா சொன்னாக, "எனக்குத் தெரியிதுப்பா. கண்ணுக்குத் தெரியிது. ஆனா எடத்த நானாத் தேர்ந்தெடுத்தா அது கணக்கில்ல." முள்ளு நின்ன எடத்தப் பாத்து அப்படியே எழுதுனாக. நான் தராசக் கழட்டி மடிச்சு வச்சேன். எங்கண்ணன் மட்டும் எல்லாரு மொகத்தையும் மாத்தி மாத்திப் பாக்குறாரு, "என்னப்பா, என்ன ஆச்சு? நல்லாத்தான வெளைஞ்சிருக்கு?"ன்னு.

சுத்துப்பட்டி ஊருக்கெல்லாம் பணம் வந்துச்சு. எங்கூருக்கு வரல. வெளைஞ்ச ஊருன்னு எழுதியாச்சே.

யாரும் அவரத் திட்டலடி. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். வைகாசியில அம்மன் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவாக. வீடு வீடாப் போயி வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்புடுவாக. அண்ணன் காலையிலயே குளிச்சுட்டு, பணத்தக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. பக்கத்து வீட்டுல கூப்புட்டாக. அடுத்து எங்க வாசலத் தாண்டி, அங்குட்டு உள்ள வீட்டுல போயிக் கூப்புட்டாக. வரி கேக்கலன்னா, இந்த ஊருல அந்த வீடு இல்லன்னு அர்த்தம். திரும்பி வரையில வாங்குவாகன்னு நின்னுக்கிட்டே இருந்தாரு. மதினி வந்து கையப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போச்சு. அடுத்த வருசமும் அதே மாதிரி நின்னாரு. அதுக்கடுத்த வருசம் நெலத்த வித்துட்டு இங்கிட்டு வந்து ஒரு பெரிய வீட்டுக்கு வாச்மேனாப் போயிட்டாரு. பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு. மதினியும் போயிச் சேந்துச்சு. பெறகு நாந்தான் கூட்டியாந்து வச்சுக்கிட்டேன்.

அய்யாவுக்கு வேற ஊருக்கு மாத்தலாச்சு. போறதுக்கு முன்னால என்னையத் தேடி வந்தாக. அண்ணனப் பாக்கணும்னாக. பாத்து என்ன சொல்லப் போறீக, வேணாம்யான்னுட்டேன். வாசல்லயே நின்னு பேசுனாக.

"தண்ணி பாய்ச்சுன தடம் இருக்குன்னு குறிப்பு எழுதித்தான் அனுப்புனேன். யாரும் படிச்ச மாதிரி தெரியல. நேராப் போயி மேல உள்ளவங்ககிட்டச் சொன்னேன், ரெண்டே வயல வச்சு ஒரு ஊரச் சொல்லக் கூடாது, காஞ்ச வருசத்துல இன்னும் நெறைய எடத்துல அறுக்கணும்னு. எத்தனைன்னு கேட்டாங்க. ஏன் அத்தனைன்னு கேட்டாங்க. தப்புன்னு மனசுக்குத் தெரியுது, அதக் கணக்காப் போட்டு அவங்க முன்னால வைக்கத் தெரியல. நான் படிச்சது வேற. என்னைய நிறுத்து எழுதத்தான் பழக்குனாங்க. அதச் சொல்லத் தெரிஞ்ச ஒருத்தரு அந்த ரூம்ல இருந்திருந்தா…"

செருப்பப் போட்டுக்கிட்டுப் போயிட்டாக. பெறகு அவுகளப் பாக்கவே இல்ல. இருக்காகளோ இல்லையோ.

ஏன்டி மொகத்த இப்படித் தொங்கப் போட்டுட்ட? நான் மெரட்டுவேன்னு வந்த. எனக்கு மெரட்ட வரலடி செல்வி. பொம்பளப்புள்ள மெட்ராசுக்குப் போறா, மேத்ஸுன்னா கண்ணு முன்னால இருப்பா, டீச்சருன்னா மாப்பிள்ளை வீட்டுல கேக்க நல்லாருக்கும், எல்லாம் எனக்கும் புரியுது. வேலை எதுல கெடைக்கும்னா எனக்குத் தெரியாது. பொட்டி தூக்குறவனையும் பாத்துட்டேன், காரு வச்சிருக்கிறவரப் பத்தியும் கேட்டுட்டேன். ஆனா எங்கண்ணன் கதையச் சொல்லி அந்தப் படிப்பு வேணாம்னு நான் சொன்னா, அது பொய்யி. அந்தப் படிப்பு இருந்து எங்கண்ணன் கெடல. அய்யா சொன்ன அந்த ரூம்ல அது இல்லாமக் கெட்டாரு. உம்மக படிச்சுட்டு வந்து மேல உக்காந்தாலும் பேசுவாளோ மாட்டாளோ, பேசுனாக் கேப்பாகளோ மாட்டாகளோ. அவளையே இங்க அனுப்பு. நடந்தத நடந்தபடி சொல்லுறேன். பெறகு அவளே போயி எதுலயாச்சும் சேரட்டும். சாயங்காலத்துக்கு இன்னும் நேரமிருக்கு. நீ கூட வராத, வந்தா அவ உன் மொகத்தத்தான் பாப்பா.

செத்த இரு. ஏதோ சத்தம் கேக்குதுல்ல? தண்ணி.

எந்திரிச்சுட்டாரு. நேத்தும் இதான். கொல்லையில ஒரு செடி கெடையாது, பூராச் சிமிட்டித் தரை. குழாயத் தெறந்துவிட்டுட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, மடை பாக்குற மாதிரி நிப்பாரு. போதும்ண்ணேன்னா, "இருத்தா, ஆபீசரு வரப்போறாக, காயவிடலாமா"ம்பாரு. எந்திரி எந்திரி, வழிய விடு, தொட்டித் தண்ணி பூராவும் உன் வாசலுக்குத்தான் வரப்போகுது. அண்ணே… அண்ணே, இந்தா வந்துட்டேன், நிப்பாட்டுண்ணே…